கிணற்றோரக் கோரைக்கு ஒரு மருந்து

அன்லோகா சந்தையில் உப்பு விற்கிறவர்கள் முப்பது பேர். அதில் இருபத்தொன்பது பேர் டோட்சேயைப் பற்றி ஒன்றுபோலத்தான் சொல்வார்கள்: கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல் உப்பை நாக்கில் வைத்தால் போதும், அது எந்தக் கரையில் எந்த மாதம் அள்ளியது என்று சொல்லிவிடுவான். முப்பதாவது ஆள் டோட்சே. அவனும் அதையேதான் சொல்வான், கொஞ்சம் சத்தமாக.

உப்பு அவனுக்குச் சோறு. வெங்காயம் அவனுக்குக் கௌரவம். ஊரில் நாலு பேர் மதிக்க வேண்டுமானால் சொந்தமாகச் சின்ன வெங்காயப் பாத்தி இருக்க வேண்டும், அவனுக்கும் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே கிடக்கும் மணலில் எட்டுக் குடும்பங்களின் பாத்திகள் ஒரே கிணற்றை நம்பிப் பச்சையாக நின்றன. கிணறு என்றால் பெரிய ஆழமில்லை. இரண்டு ஆள் உயரம். மேலே நிற்பது மழை கொடுத்த நல்ல தண்ணீர், அதற்கு அடியில் படுத்திருப்பது கடல். மேலாக மொண்டால் மகாராணி, ஆழமாகக் கலக்கினால் மாமியார். அதனால் காலையில் முதலில் வருகிறவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கையசைப்பார்.

அந்த வருஷம் எட்டுக் குடும்பமும் சேர்ந்து தலைநகர் அக்ராவிலிருந்து வந்த ஓர் அம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பெரிய ஓட்டல்களுக்குக் காய்கறி அனுப்புகிறவள். அவளுக்கு வேண்டியது மருந்தடிக்காத வெங்காயம். எட்டுப் பேரில் ஒருவர் கடைக் களைக்கொல்லியைத் தொட்டாலும் எட்டுப் பேர் சரக்கும் போச்சு. இந்த ஒப்பந்தம் கோரைப்புல்லுக்குத் தெரியாது. அது பாத்திகளுக்கு நடுவே போகிற பாதை நெடுகப் பாய் விரித்துப் படுத்திருந்தது. போன தடவை வந்தபோது அந்த அம்மாள் தன் செருப்பைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரிகளுக்கு அது போதும்.

கிணற்றுக் காரியங்களைக் கவனிக்கிற எமெஃபா அத்தை ஆளுக்கொரு துண்டு பாதையைப் பிரித்துக் கொடுத்தாள். "மூணு வாரத்துல அந்தம்மா வருது. அதுக்குள்ள எனக்கு மணல் தெரியணும், சொல்லிட்டேன்." டோட்சேக்கு விழுந்தது கிணற்றைச் சுற்றிய பங்கு. கோரை அங்கேதான் கொழுத்துக் கிடந்தது.

அவன் அரை நாள் தோண்டினான். ஒரு கிழங்கைப் பிடுங்கினால் நூல் பிடித்தாற்போல அடுத்தது. அதைப் பிடுங்கினால் அதன் தம்பி. கடன்காரன் குடும்பம் போல ஒருத்தனைப் பிடித்தால் ஊரே உறவு. வியாபாரி குனிந்தால் காசு எடுக்கத்தான் குனிவான். டோட்சே மண்வெட்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

போனில் யாரோ ஒருவன் வினிகரையும் பாத்திரம் கழுவும் சோப்பையும் ஒரு கோப்பை உப்பையும் வாளியில் கலக்கி, முற்றத்துச் செங்கல் இடுக்கில் முளைத்த புல்லில் தெளித்தான். மறுநாள் புல் கருகிக் கிடந்தது. இயற்கைக் களைக்கொல்லி, எல்லாம் சமையல்கட்டுச் சாமான் என்றான் அவன். செடி வளர்க்கிற மண்ணில் உப்பை மட்டும் கொட்டாதீர்கள் என்றும் பின்னால் சொல்லியிருப்பான். ஆனால் உப்பு என்ற சொல் காதில் விழுந்தவுடனே டோட்சே வீடியோவை நிறுத்திவிட்டான். அவனுடைய கிடங்கில் போன வருஷத்துக் காயல் உப்பு கிடந்தது. மழையில் நனைந்து, சேறு கலந்து, சாக்கு நாற்றம் ஏறி, யாரும் தொடாத சரக்கு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஒரு கோப்பை உப்பு ஒரு முழப் புல்லைக் கொல்லுமானால் இரண்டு மூட்டை என்னதான் செய்யாது?

மதிய வெயிலில் ஒரு பீப்பாயில் கலக்கிக்கொண்டிருந்தபோது அகோர்ஃபா வந்தாள். அவளுடைய பாத்தி அவனுடைய பாத்தியை ஒட்டியது. இருபது வருஷம் இரண்டு கையிலும் பூவாளி தூக்கியே முதுகு ஒடிந்துபோனவள். போன பருவத்தில்தான் கிணற்றில் ஒரு சின்ன மின்மோட்டார் வைத்திருந்தாள். காலையில் அரை மணி நேரம் மட்டும், குழாய் ஒரு முழத்துக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பத்து நிபந்தனை போட்டுத்தான் மற்றவர்கள் அதற்குச் சம்மதித்தார்கள். மோட்டார் அடியிலிருக்கும் கடலை இழுத்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

அவள் கையில் கொதிக்கும் கெண்டி. பாதையில் தன் பங்குப் புல்லின் குருத்திலே ஊற்றினாள், நிதானமாக, ஒன்றொன்றாக. பாத்தி ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே நின்றாள். சூடு வெங்காய வேரைத் தொடாமலிருக்க ஒரு தகரத்தை நடுவில் ஊன்றியிருந்தாள். பாத்திக்குள்ளே முளைத்த களைக்கு அவள் விரலைத் தவிர வேறு மருந்து கிடையாது. ஊற்றி முடித்த இடத்தில் கிழிந்த படகுப்பாயை விரித்துக் கல் வைத்தாள், கிழங்கு வெளிச்சம் காணாமல் அழுகட்டும் என்று.

"என்ன அகோர்ஃபா, கோரைக்கு டீ கொடுக்கிறியா? சர்க்கரை போட்டியா?"

"நீ என்ன கொடுக்கப்போறே அண்ணே, பீப்பா நிறைய?"

"வியாபார ரகசியம்."

"கடை மருந்தா?"

"சத்தியமா இல்ல. நீ தினம் குழம்புல போடுறதுதான். வாய்க்கு ஆகாதது ஒண்ணும் இதுல இல்ல."

"குழம்புல மிளகாயும்தான் போடுறேன். அதைக் கண்ணுல போட முடியுமா?" அவள் கெண்டியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை உதறினாள். "எதுவா வேணா இருக்கட்டும். கிணத்துத் திட்டுல மட்டும் ஊத்தாதே. இந்த மணல் யார் ரகசியத்தையும் காக்காது."

"சரி தாயே, சரி" என்றான். அவள் தலை மறைந்ததும் ஊற்றினான். பாதையில் ஊற்றினான், திட்டைச் சுற்றி ஊற்றினான். பீப்பாய் அடியில் கரையாமல் நின்ற உப்பை, சந்தையில் அளந்த பிறகு ஒரு கை கூடப் போடுவது போல, கொசுறாகத் தூவினான்.

இரண்டே நாளில் கோரை மஞ்சளாகி, பழுப்பாகி, மடிந்து விழுந்தது. எமெஃபா அத்தை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். எதிர்ப் பாத்திக்கார மாவுகோ, இருபத்தைந்து வயசு வாயாடி, "அண்ணே, இனி உன் பேரு புல்லுக்கு எமன்" என்று பட்டம் கட்டினான். என்ன மருந்து என்று கேட்டவர்களுக்கெல்லாம் டோட்சே ஒரு கண்ணைச் சிமிட்டினான். அகோர்ஃபா மட்டும் கருகிய புல் கிணற்றுத் திட்டுவரை போயிருப்பதைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

நாலாம் நாள் மழை பெய்தது. நல்ல மழை. அதற்கு மூன்றாம் நாள் காலையில் முதலாவதாக வந்த மாவுகோ ஒரு வாய் குடித்தான், துப்பினான், இன்னொரு வாய் குடித்தான், அதையும் துப்பினான்.

அரை மணி நேரத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். முந்தின இரண்டு நாள், நாக்குக்குத் தெரியாத அளவு உப்போடு பாய்ச்சிய தண்ணீருக்கே வெங்காயத் தாளின் நுனிகள் சிகரெட்டால் சுட்டது போலக் கருகத் தொடங்கியிருந்தன. எல்லாக் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயின, கிணற்றுச் சுவரில் தொங்கிய அந்த நீலக் குழாய்க்கு.

"அப்பவே சொன்னேன்" என்றாள் ஒருத்தி. அவள் அப்போது ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அரை மணி நேரத்துக்கு மேல நான் ஓட்டினதே இல்ல" என்றாள் அகோர்ஃபா. "குழாய அளந்து பாருங்க. ஒரு முழம்தான் இறங்கியிருக்கு."

"நீ ஓட்டல, மோட்டார் ஓட்டிச்சு" என்றான் மாவுகோ. "நீ அரை மணின்னே, அது கடல்வரைக்கும் போய் உறிஞ்சிட்டு வந்திருக்கு."

எமெஃபா அத்தை கையை உயர்த்தினாள். "வாயால பேசினது போதும். நாக்கு பேசட்டும். டோட்சே எங்க? இது அடியிலேருந்து ஏறின கடலா, வேற ஏதாவதான்னு அவன் சொன்னா நான் ஒத்துக்கிறேன்."

கூட்டத்தின் பின்னாலே நின்றவனை முன்னே தள்ளிவிட்டார்கள். மாவுகோ குவளையை நீட்டினான். டோட்சே அதை வாங்கும்போது கை நடுங்கவில்லை. அதுதான் பிற்பாடு அவனுக்கு மறக்கவே இல்லை.

கடல் உப்பு நாக்கின் நுனியில் சுருக்கென்று குத்தும், உடனே போய்விடும். காயல் உப்பு அப்படியில்லை. மெதுவாக வரும், பக்கவாட்டில் தங்கும், சேற்றின் துவர்ப்பை விட்டுவிட்டுப் போகும். இந்தத் தண்ணீரில் துவர்ப்பு இருந்தது. அதற்குப் பின்னால், ஒரு மயிரிழை அளவுக்கு, நனைந்த சாக்கின் வாடையும் இருந்தது. தண்ணீர் தொண்டையில் இறங்குமுன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன் பிள்ளையின் அழுகைச் சத்தம் தகப்பனுக்குத் தெரியாதா? அது அவனுடைய மூட்டை.

எட்டுக் குடும்பமும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கடல்" என்றான். "அடியிலேருந்து ஏறியிருக்கு."

யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தையில் ஈர மூட்டையைக் காய்ந்தது என்று சொல்வது போல, பழக்கத்தில் வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

அகோர்ஃபா அவனை ஒரு நொடி பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். "அண்ணன் நாக்கு சொன்னா சரி. அந்த நாக்கு பொய் சொல்லி நான் கேட்டதில்ல." மோட்டாரைக் கழற்ற மாவுகோ முன்வந்தான். "தொடாதே" என்றாள். தானே மண்டியிட்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, முந்தானையில் போட்டுக்கொண்டாள். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து எல்லோரும் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். நடந்து போய் வர ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற தூரம். தூக்குகிறவர்களுக்கு ஒரு திருவிழாவே முடிகிற தூரம். மற்றவர்கள் இரண்டு பூவாளி, அகோர்ஃபா ஒன்று. அந்த ஒன்றுக்கும் நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். டோட்சே அவள் வருகிற பாதையை விட்டுவிட்டுக் காயல் பக்கமாகச் சுற்றிப் போகத் தொடங்கினான். அந்தப் பக்கம் முள். சேறு வேறு. ஆனாலும் அந்த வழி அவனுக்கு வசதியாக இருந்தது.

வீட்டில் ஒரு நாள் சோளக்களியைப் பிட்டு வெண்டைக்காய்க் குழம்பில் தொட்டு வாயில் வைத்தவன், "உப்பு அதிகம்" என்றான்.

"நான் இன்னும் உப்பே போடல" என்றாள் மனைவி. கொஞ்சம் பொறுத்து, "ஆமா, கிடங்குல கிடந்த அந்த நாத்தம் பிடிச்ச மூட்டை ரெண்டையும் காணோமே?"

"வித்துட்டேன்."

"யாருக்கு? மூக்கில்லாதவனுக்கா?"

அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள். அவன் உப்பிட்ட கிணறு அவனை நினைத்துக்கொண்டேதான் இருந்தது. வாளி போட்டு மேலாக மொண்டு பார்த்தார்கள், நல்ல தண்ணீர் திரும்பவில்லை. கடல் கீழே இறங்க நாளாகும் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். சந்தேகம் வந்தால் அவனிடமே கேட்டார்கள். "ஆமாம், நாளாகும்" என்றான் அவன். முதல் பொய் தனியாக வராது, குட்டிகளோடுதான் வரும்.

அடுத்த சந்தை நாள் அகோர்ஃபா அவன் கடைக்கு வந்தாள். கவிழ்த்து வைத்த பேசின் ஒன்றின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என் பாத்திய நீ எடுத்துக்கோ அண்ணே."

"என்னது?"

"மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தியே. உன் பாத்தியோட சேர்ந்தது, நடுவுல வரப்பை எடுத்துட்டா ஒரே துண்டு. மோட்டார் இல்லாம என்னால முடியாது. இந்த முதுகுக்கு ஒத்த பூவாளியே கல் ஏத்தின படகு மாதிரி இருக்கு." சிரிக்கப் பார்த்தாள். "விலை நீயே சொல்லு. பேரம் பேச எனக்குத் தெம்பில்ல."

பேரம் பேசத் தெம்பில்லாத ஆள் ஒருத்தராவது தன் கடைக்கு வரமாட்டாரா என்று வேண்டாத வியாபாரி உலகத்தில் கிடையாது. டோட்சேயும் வேண்டியிருக்கிறான். அந்த ஆள் இப்படி வந்து உட்காருவாள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தொண்டைவரை ஒரு தொகை வந்தது, மலிவான தொகை. அது தானாகவே வந்ததுதான் அவனைக் கூசவைத்தது.

"ஒரு படி உப்பு போடு" என்றாள் வழியில் போன ஒருத்தி.

"இல்ல" என்றான்.

"மலையா குவிச்சு வச்சுக்கிட்டு இல்லங்கிற?"

"இல்லன்னா இல்ல. போம்மா."

அவள் முணுமுணுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனாள். டோட்சே குவியலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அது கடல் இல்ல, அகோர்ஃபா."

"எது?"

"கிணத்துல ஏறினது. உன் மோட்டார் ஒண்ணும் பண்ணல. அது என் உப்பு. அந்தப் பீப்பாயில இருந்தது உப்புதான். நீ போனப்புறம் திட்டுல ஊத்தினேன். மழையில இறங்கிடுச்சு."

சந்தை தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. கோழிக்காரன் ஒருவன் இரண்டு கடை தள்ளி யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். அகோர்ஃபா அவன் முன்னிருந்த உப்புக் குவியலைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். கத்துகிறவர்களிடம் பேசி அவனுக்குப் பழக்கம்.

"உன் நாக்குக்கு எப்போ தெரிஞ்சது?"

அவன் அளக்கிற படியைக் குவியலில் குத்தி நிறுத்தினான்.

"எப்போ? போன வாரமா, நேத்தா?"

"அன்னைக்கே."

"வீட்டுக்குப் போனப்புறமா?"

"வாயில இருக்கும்போதே."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள், ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது போல. "ஊத்தினது முட்டாள்தனம். அதுக்கு நான் கோவப்பட மாட்டேன். நானும் ஒரு வருஷம் கொதிதண்ணிய பாத்தி ஓரத்துல ஊத்தி ஒரு வரிசை வெங்காயத்த வேகவச்சவதான். அதுலேருந்துதான் தகரம் வச்சுக்கிறேன். ஆனா வாயில தண்ணிய வச்சுக்கிட்டே, நான் திருகாணி கழட்டறத நின்னு பார்த்தியே." எழுந்தாள். அவன் கை கொடுக்கப் போனான். அவள் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "கடைய மூடு."

"சந்தை நாளு…"

"மூடு."

சாயங்காலத் தண்ணீருக்காக எல்லோரும் பாத்தியில்தான் இருந்தார்கள். அவளுக்குப் பின்னால் பத்தடி விட்டு அவன் நடந்துவந்ததைப் பார்த்தே எமெஃபா அத்தை பூவாளியைக் கீழே வைத்தாள்.

சொன்னான். சந்தையில் நூறு வார்த்தையில் சொல்வதைப் பத்து வார்த்தையில் சொன்னான்.

"எத்தனை மூட்டை?" என்றாள் எமெஃபா அத்தை.

"ஒண்ணு."

அகோர்ஃபா திரும்பி அவனைப் பார்த்தாள்.

"ரெண்டு" என்றான்.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவன் தலை இன்னும் ஒரு சாண் இறங்கியது. தூக்குமேடையிலும் கயிற்றை விலைபேசுகிற பிறவி என்று அவர்கள் அவனைப் பற்றிச் சொல்லப்போவது அவனுக்கு அப்போதே கேட்டது.

"புல்லுக்கு எமன்னு பேரு வச்சேன்" என்றான் மாவுகோ. "புல்லோட நிறுத்திக்கச் சொல்லியிருக்கணும். என் தப்பு." பிறகு அவனே அகோர்ஃபாவைப் பார்த்துவிட்டு, தான் என்ன சொல்லியிருந்தான் என்பது நினைவுக்கு வந்தவனாக வாயை மூடிக்கொண்டான்.

திட்டையும் பாதையையும் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, அந்த மணலைக் கடற்கரையில் கொட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. தோண்டுவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்தது கிணறு. நின்ற தண்ணீரை இறைத்து வெளியே விட்டால்தான் புதுத் தண்ணீர் ஊறும். வாளியால் இறைத்தால் அந்த அம்மாள் வருகிற நாளுக்கு முடியாது. மோட்டார் வேண்டும். அதைச் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கழற்றவைத்த ஆறு குடும்பமும் காலடி மணலைப் பார்த்தன. குனிந்து நிற்பது தான் மட்டுமில்லை என்பதில் டோட்சேக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர்களையும் குனியவைத்தது அவன்தான்.

"அகோர்ஃபா…" என்று ஆரம்பித்தாள் எமெஃபா அத்தை.

"தெரியும் அத்தை. கொண்டாரேன். ஆனா முன்னே சொன்ன அதே கணக்குதான். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், குழாய் ஒரு முழம். அவசரம்னு யாரும் ஒரு நிமிஷம் கூடுதலா ஓட்டச் சொல்லக் கூடாது. அடியில கடல் நெசமாவே இருக்கு." மூச்சு விட்டுக்கொண்டாள். "கிணறு இனிக்கிற வரைக்கும் என் பாத்திக்கு இவன் சுமக்கட்டும்."

"அக்ராக்காரம்மாகிட்ட யார் சொல்றது?" என்றான் மாவுகோ.

"நான்தான் சொல்லணும்" என்றான் டோட்சே. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இருட்டுவதற்குள் ஐந்து நடை நடந்தான். தேவாலயக் கிணற்றுக்குப் போகிற வழி உப்புச் சந்தையின் ஓரமாகப் போகிறது. கடையைக் கட்டிக்கொண்டிருந்த இருபத்தொன்பது பேரில் ஒருவன், "என்ன டோட்சே, தொழில மாத்திட்டியா?" என்று கத்தினான். தெரிந்து கேட்டானா தெரியாமல் கேட்டானா என்று விளங்கவில்லை. நாளைக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு கையிலும் பூவாளி இருந்ததால் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட வழியில்லை.

அகோர்ஃபா பாத்தி முனையில் உட்கார்ந்து, கருகிய தாள்களை நுனி நுனியாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் பிழைக்கும் போலிருந்தது.

"வேருல ஊத்து, இலையில இல்ல" என்றாள்.

வேரில் ஊற்றினான்.

"பூவாளி தளும்ப இல்லையே. வழியில சிந்திட்டியா, குறைச்சலா மொண்டியா?"

"சிந்திடுச்சு."

அவள் பூவாளிக்குள் ஈரம் ஏறியிருந்த மட்டத்தை விரலால் தொட்டாள்.

"குறைச்சலாத்தான் மொண்டேன்" என்றான்.

"அப்ப இன்னொரு நடை போ, டோட்சே."

காலியான பூவாளிகளை எடுத்துக்கொண்டு பாதிவழி போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கடையில் அவள் எழுந்து நின்றதிலிருந்து ஒரு தடவைகூட அவனை அண்ணே என்று கூப்பிடவில்லை.